ரோஜா முத்தையா நூலகம்: சிறுகதைப் பகுதியைப் பார்க்கும் ஒருத்தியின் மதிப்புரை

மாத இதழ் ஒன்றில் சிறுகதைப் பகுதி என் பொறுப்பில் இருக்கிறது. வருகிற கதைகளைப் படிப்பது, தேர்ந்தெடுப்பது, எழுதியவரோடு பேசித் திருத்துவது, ஓவியருக்குக் கதையைச் சொல்வது, மெய்ப்புப் பார்ப்பது, கடைசி நேரத்தில் விளம்பரம் ஒன்று வந்து அரைப் பக்கம் பறிபோனால் எந்தப் பத்தியை எடுப்பது என்று முடிவு செய்வது, எல்லாம் இதில் அடங்கும். இந்த வேலையில் எனக்கு அதிகம் கைகொடுக்கிற இடம் தரமணியில் இருக்கிறது. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். சென்னையில் புத்தக நாட்டம் உள்ளவர்கள் பெயரையாவது கேள்விப்பட்டிருப்பார்கள். ஆனால் அது முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறவர்களின் இடம் என்று எண்ணிக்கொண்டு, பத்திரிகைகளில் கதை பார்க்கிற என் நண்பர்கள் பலர் அந்தப் பக்கமே போனதில்லை. அவர்களை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஏன் போக வேண்டும்? தமிழ்ப் பத்திரிகை அலுவலகங்கள் பலவற்றில் பழைய இதழ்கள் நிலைப்பதில்லை. நான் முன்பு வேலை பார்த்த ஒரு வார இதழில், ஆண்டுவாரியாகக் கட்டிய தொகுதிகள் ஓர் அறை நிறைய இருந்தன. அலுவலகம் இடம் மாறியபோது, புதுக் கட்டடத்தில் வாடகை அதிகம் என்று பாதிக்கு மேல் பழைய பேப்பர் கடைக்குப் போயின. எத்தனை பேருடைய முதல் கதை அந்த மூட்டைகளில் போயிற்றோ! இன்று நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. எழுதியவர்களிடமும் பிரதி இருக்காது. வீடு மாறியிருப்பார்கள், கரையான் அரித்திருக்கும், 2015 டிசம்பர் வெள்ளத்தில் அலமாரியோடு ஊறிப் போயிருக்கும். தொகுப்பில் சேராத கதை என்றால் அதன் கதி அவ்வளவுதான்.

இப்படி வீசப்பட்டவற்றைத் தனி மனிதர் ஒருவர் பொறுக்கிச் சேர்த்தார். காரைக்குடியை அடுத்த கோட்டையூரைச் சேர்ந்த முத்தையா செட்டியார். பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். நூல்களோடு அவர் நிற்கவில்லை. வார, மாத இதழ்கள், நாடக நோட்டீஸ்கள், சினிமாப் பாட்டுப் புத்தகங்கள், திருமண அழைப்பிதழ்கள் என்று மற்றவர்கள் குப்பை என்று தள்ளியதையெல்லாம் வாங்கி வைத்தார். 1992இல் அவர் மறைந்தபோது ஏறத்தாழ ஒரு லட்சம் அச்சுப் பொருள்கள் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. வாங்கிய கையோடு கப்பலேற்றிக் கொண்டுபோகாமல் தமிழ்நாட்டிலேயே வைத்துப் பாதுகாக்க வழி செய்தார்கள். 1994இல் சென்னையில் நூலகம் உருவாயிற்று. முதலில் முகப்பேரில் இருந்தது, பிறகு தரமணி மத்திய பாலிடெக்னிக் வளாகத்துக்கு வந்தது. பிற்பாடு வேறு பலருடைய சேகரிப்புகளும் வந்து சேர்ந்திருக்கின்றன. கோட்டையூரிலிருந்து அந்தப் பெட்டிகள் நேராக வெளிநாட்டுக்குப் போயிருந்தால், இன்றைக்கு ஒரு பத்திரிகை உதவி ஆசிரியர் ஷேர் ஆட்டோவில் போய் அவற்றைக் கேட்டு வாங்கிப் படிக்க முடியுமா?

அலமாரிக்கு நடுவில் உலாவி விருப்பப்பட்டதை உருவிக்கொள்கிற நூலகம் இல்லை இது. வேண்டியதைப் பட்டியலில் தேடிக் குறித்துக் கொடுத்தால் எடுத்து வருவார்கள். பல இதழ்கள் மைக்ரோஃபிலிமிலோ கணினியிலோதான் பார்க்கக் கிடைக்கும். அதில் குறைப்பட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. பழைய பத்திரிகைத் தாள் மரக்கூழில் செய்தது. அமிலம் ஊறி, பழுத்து, ஓரம் தொட்டாலே அப்பளம்போல் உடைகிறது. ஆளாளுக்கு அசலைப் புரட்ட விட்டால் சில ஆண்டுகளில் தூள்தான் மிஞ்சும். குளிரூட்டிய அறையில் அவற்றை வைத்திருப்பதன் அருமை, நம் ஊர் மே மாதத்தில் தாள் என்ன பாடுபடும் என்று தெரிந்தவர்களுக்குப் புரியும்.

எனக்கு அங்கே நடந்த ஒரு காரியத்தைச் சொன்னால், கதை பார்க்கிறவர்களுக்கு அந்த இடம் எப்படிப் பயன்படும் என்பது விளங்கும்.

எங்கள் பொங்கல் சிறப்பிதழுக்காகத் தஞ்சாவூர்ப் பக்கத்து மூத்த எழுத்தாளர் ஒருவரிடம் கதை கேட்டேன். புதிதாக எழுத உடம்பு இடங்கொடுக்கவில்லை என்றவர், எழுபதுகளில் எழுதிய ஒரு கதையைச் சொன்னார். இதழ் நின்றுபோய்ப் பல காலமாகிறது. அவரிடம் பிரதி இல்லை, தொகுப்பிலும் வரவில்லை. “அம்மா, அதில் ஒரு குறை உண்டு. கடைசிப் பத்தியை அவர்கள் வெட்டிவிட்டார்கள். கதை கிடைத்தால் சொல்லுங்கள், அந்தப் பத்தியை நான் மறுபடி எழுதித் தருகிறேன்” என்றார். ஐம்பது ஆண்டு ஆறாத வருத்தம் குரலில் தெரிந்தது. எந்த ஆண்டு என்று கேட்டதற்கு, தம் இரண்டாவது பெண் பிறந்த சமயம், தீபாவளி கழிந்து அடுத்த மாதம் என்றார். அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு மூன்று ஆண்டுகளின் இதழ்களைக் கேட்டு உட்கார்ந்தேன்.

கதை கிடைத்தது. நெடுக்காக இரண்டு பத்தியாகப் பிரித்த பக்கம். மேலே இடது மூலையில் ஓவியம்: பஸ் நிறுத்தத்தில் டிபன் கேரியரோடு ஒரு பெண். நடுவில் கூந்தல் தைல விளம்பரம் முக்கால் பத்தியை விழுங்கியிருந்தது. கீழே ‘தொடர்ச்சி 58ஆம் பக்கம்’. அந்த 58ஆம் பக்கத்துக்குப் போனால், ஒரு சமையல் குறிப்புக்கும் ஒரு துணுக்குக்கும் நடுவே கதையின் கடைசி இருபது வரிகள் சிறிய எழுத்தில் நெருக்கியடித்துக் கிடந்தன. வேலையிழந்த அப்பாவுக்கு மகள் சாப்பாடு கொண்டுபோகிறாள். அவர் வேலைக்குப் போவதாகச் சொல்லி உட்கார்ந்திருக்கும் பூங்காவுக்கே போய்விடுகிறாள். “இன்றைக்கு ரசம் கொஞ்சம் புளிப்புப்பா” என்று சொல்லிக் கேரியரைத் திறக்கிறாள். அவ்வளவுதான், கதை முடிந்துவிடுகிறது.

தொலைபேசியில் முழுவதையும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். முடித்ததும், “நான் எழுதியது அப்புறம் ஒரு பத்தி. அப்பா அழுவார், மகள் சமாதானம் சொல்வாள்” என்றார். பிறகு, “மறுபடி ஒருமுறை கடைசி ஐந்து வரியை வாசியுங்கள் அம்மா” என்றார். வாசித்தேன். “இப்படியே போடுங்கள். வெட்டியது யார் என்று தெரிந்தால் சொல்லுங்கள், ஒரு கடிதம் போட வேண்டும். உயிரோடு இருந்தால் நேரிலேயே போய்ப் பார்க்கிறேன்.”

யார் என்று கண்டுபிடிக்க நான் அந்த ஆண்டு இதழ்கள் அத்தனையும் பார்த்தேன். அப்போது நடப்பில் இருந்த 1867ஆம் ஆண்டுப் பத்திரிகைச் சட்டத்தின்படி அச்சிட்டவர், வெளியிடுபவர் பெயர் ஒவ்வோர் இதழிலும் இருந்தது. ஆசிரியர் பெயரும் இருந்தது. கதைகளைப் படித்துப் பேனா பிடித்த உதவி ஆசிரியர் பெயர் எங்கேயும் இல்லை. தமிழில் இந்த வேலையைச் செய்தவர்களில் பெயர் தெரிகிறவர்கள் கொஞ்சம் பேர். ‘மணிக்கொடி’ 1935இல் சிறுகதைகளுக்கான இதழாக உருமாறியபோது அதை நடத்திய பி.எஸ். ராமையாவைத் தெரியும். குமுதத்தில் அதன் ஆசிரியர் எஸ்.ஏ.பி.யோடு உழைத்த ரா.கி. ரங்கராஜன், ஜ.ரா. சுந்தரேசன், புனிதன் மூவரையும் தெரியும். ‘எழுத்து’ என்ற சிற்றிதழை நடத்திய செல்லப்பாவையும், ‘கணையாழி’ இதழில் நெடுங்காலம் கதைகளைப் பார்த்த அசோகமித்திரனையும் தெரியும். இவர்கள் தாமே எழுத்தாளர்கள் என்பதால் பெயர் நின்றது. மற்றவர்கள் திருத்திய கதைகளுக்குள் கரைந்துபோனார்கள். அந்தக் கடைசிப் பத்தியை எடுத்தவர் இடப் பற்றாக்குறையால் எடுத்தாரா, கதை முடிந்துவிட்டது என்று கண்டு எடுத்தாரா, இனி யாரும் சொல்ல முடியாது. கண்டுதான் எடுத்தார் என்று நான் நம்புகிறேன். ஏனென்றால் அதே பக்கத்தில் அந்தத் துணுக்கை எடுத்திருந்தால் பத்திக்கு இடம் இருந்திருக்கும்.

நூலகத்தில் என் வேலைக்குக் கிடைக்கிற பெரிய பாடம் இதுதான். புத்தகத்தில் படிக்கும்போது கதை எழுதியவருடையது மட்டுமாகத் தெரிகிறது. அது முதலில் வந்த இதழில் பார்க்கும்போது, பின்னால் நின்ற கைகளும் தெரிகின்றன. பல எழுத்தாளர்கள் தொகுப்பு போடும்போது கதையைத் திருத்தியிருக்கிறார்கள். தலைப்பு மாறியிருக்கும், பாத்திரத்தின் ஊர் மாறியிருக்கும், பேச்சு வழக்கைச் செந்தமிழாக்கியிருப்பார்கள் அல்லது செந்தமிழைப் பேச்சு வழக்குக்கு இறக்கியிருப்பார்கள். இதழில் வந்ததையும் நூலில் வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் படித்துப் பாருங்கள். எந்த வகுப்பிலும் சொல்லித்தராத கதைத் திருத்தப் பயிற்சி அது. எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேருகிற பிள்ளைகளை நான் முதலில் இதற்குத்தான் அனுப்புகிறேன்.

நீளத்தைப் பற்றியும் அங்கே நிறையத் தெரிந்துகொள்ளலாம். இரண்டாம் உலகப் போரின்போது தாளுக்குக் கட்டுப்பாடு வந்தது. நாற்பதுகளின் இதழ்களை வரிசையாகப் பார்த்தால் இதழ் மெலிவதும், கதைகள் சுருங்குவதும், வரிகளுக்கு நடுவே இடைவெளி குறைவதும் கண்ணெதிரே நடக்கும். சிறுகதை இத்தனை பக்கம்தான் இருக்க வேண்டும் என்று இன்று நாம் இலக்கணம்போலச் சொல்கிறவற்றில் எவ்வளவு இலக்கியம், எவ்வளவு தாள் விலை என்று எனக்கு அப்போதிருந்து சந்தேகம். இப்போது என்னிடம் யாராவது நீளமான கதை கொடுத்தால், குறைக்கச் சொல்வதற்கு முன் ஆசிரியரிடம் இரண்டு பக்கம் அதிகம் கேட்டுப் பார்க்கிறேன். பல முறை கிடைத்திருக்கிறது.

ஓவியங்களைச் சொல்லாமல் விட மனமில்லை. கோபுலு, சில்பி, மணியம் ஆகியோரின் ஓவியங்களைத் தனியாகச் சட்டம் போட்டுப் பார்த்திருப்போம். கதையோடு, அது வந்த பக்கத்திலேயே பார்ப்பது வேறு. பாத்திரத்தின் முகத்தைக் காட்டாமல் முதுகை மட்டும் வரைந்த படம் ஒன்று. கதையில் அந்த ஆள் கடைசிவரை உண்மையைச் சொல்லாதவர். அந்த நகலை எங்கள் ஓவியரிடம் காட்டினேன். அதன் பிறகு அவர் சுருக்கம் மட்டும் கேட்பதில்லை, முழுக் கதையையும் படித்துவிட்டுத்தான் வரைகிறார்.

இன்னொரு பயன், கொஞ்சம் கசப்பானது. போட்டிக்கு வந்த கதை ஒன்று நடுவர்கள் மூவருக்கும் பிடித்துவிட்டது. எங்கள் மெய்ப்புப் பார்க்கும் பெரியவர் மட்டும், “எங்கேயோ படித்தது, சரஸ்வதி வந்துகொண்டிருந்த காலம்” என்றார். சரஸ்வதி 1955இல் தொடங்கி அறுபதுகளின் தொடக்கம்வரை வந்த இதழ். அதே காலத்தில் வந்த மற்ற இதழ்களையும் சேர்த்துத் தேடியதில், வேறொரு இதழில் அகப்பட்டது. ஊர்ப்பெயரும் நாயகி பெயரும் மாறியிருந்தன. கிணற்றடியில் நடக்கும் உரையாடல் சொல்லுக்குச் சொல் அப்படியே. கதையைப் போட்டியிலிருந்து எடுத்துவிட்டோம். அசல் கதையை எழுதியவரின் குடும்பத்துக்குத் தகவல் சொன்னோம். இணையத்தில் தேடினால் இதெல்லாம் அகப்படாது. அந்தக் கதை எந்தக் கணினியிலும் எழுத்தாக ஏறியிருக்கவில்லை.

மறுபிரசுரம் செய்ய நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நூலகத்தில் நகல் கிடைத்துவிட்டது என்பதாலேயே அச்சிடும் உரிமை வந்துவிடாது. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவர் மறைந்து 60 ஆண்டுகள்வரை உரிமை வாரிசுகளுக்கு உண்டு. தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கிய எழுத்துகள் என்றால் தடையில்லை. மற்றபடி வாரிசுகளைத் தேடிப் பிடித்து, எழுத்தில் அனுமதி வாங்கி, சன்மானமும் கொடுக்க வேண்டும். பழைய கதைதானே என்று இனாமாகப் போட்டுக்கொள்ளும் வழக்கம் நம் தொழிலுக்கு அழகல்ல.

நகல் எடுத்து வந்தபின் தட்டச்சு செய்வதிலும் கவனம் வேண்டும். 1978இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்துவதற்கு முன் வந்தவற்றில் லை, ளை, னை, ணை எல்லாம் தும்பிக்கை வைத்த பழைய வடிவில் இருக்கும். னா, ணா, றா எழுத்துகளும் சுழித்துக்கொண்டு நிற்கும். இளம் தட்டச்சாளர்கள் தடுமாறுகிறார்கள். முதல் பக்கத்தை நாமே உடன் உட்கார்ந்து படித்துக் காட்டிவிட்டால் பிறகு ஓட்டமாக ஓடிவிடும்.

மற்ற இடங்களையும் நான் பயன்படுத்துகிறேன். நூல்கள் என்றால் கன்னிமரா, பழைய பதிப்புகள் என்றால் பெசன்ட் நகர் உ.வே.சா. நூலகம், ஈழத்து இதழ்களுக்கு இணையத்தில் ‘நூலகம்’ என்ற தளம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் நள்ளிரவில்கூடக் கைகொடுக்கும். சிற்றிதழ்களைத் தேடிப் புதுக்கோட்டை ஞானாலயா நூலகத்துக்குப் போனால் வெறுங்கையோடு திரும்ப மாட்டீர்கள். ஆனால் வெகுஜன இதழும் சிற்றிதழும், போதாக்குறைக்கு அந்தந்தக் காலத்தின் துண்டு நோட்டீசும் ஒரே கூரையின் கீழ் வேண்டும் என்றால், நான் தரமணிக்குத்தான் போகிறேன். எழுபதுகளில் நடக்கிற கதையில் நாயகன் பார்த்த சினிமாவின் பாட்டுப் புத்தகம் என்ன நிறம் என்று கேட்டாலும் அங்கே விடை கிடைக்க வாய்ப்பு உண்டு.

எதிர்பார்ப்பை அளவோடு வைத்துக்கொள்ள வேண்டிய இடங்களும் இருக்கின்றன. எந்தச் சேகரிப்பிலும் இருப்பதுபோல இடையிடையே இதழ்கள் விடுபட்டிருக்கும். தேடி வந்த மாதம் மட்டும் இல்லாமல் போகலாம். நகலுக்குக் கட்டணம் உண்டு, உடனே கையில் கிடைக்கும் என்று நம்பி அச்சுக்குப் போகும் நாளில் போய் நிற்க வேண்டாம். திருவான்மியூர் பறக்கும் ரயில் நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடிப்பது எனக்கு வசதியாக இருக்கிறது. வளாகத்துக்குள் கொஞ்சம் நடக்க வேண்டும், வெயில் காலத்தில் காலையிலேயே போய்விடுவது நல்லது. விடுமுறை நாள், நேரம் எல்லாம் முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பாட்டை முடித்துக்கொண்டு உட்கார்ந்தால் மாலைவரை எழ மனம் வராது.

உள்ளபடியே சிரமம் ஒன்று உண்டு, அது இந்த நூலகத்துக்கு மட்டும் உரியதல்ல. தமிழ் இதழ்களுக்குக் கதைவாரியான முழு அடைவு எங்கேயும் இல்லை. இதழின் பெயரும் ஆண்டும் பட்டியலில் இருக்கும். உள்ளே யார் எழுதிய எந்தக் கதை என்பது பக்கத்தைப் புரட்டினால்தான் தெரியும். 1970 முதல் மாதந்தோறும் நல்ல சிறுகதையைத் தேர்ந்தெடுத்து வந்த இலக்கியச் சிந்தனை போன்ற முயற்சிகளால் சில கதைகளுக்குத் தடயம் இருக்கிறது. மற்றவற்றுக்கு, எழுதியவரின் பெண் பிறந்த தேதியை வைத்துத்தான் தேட வேண்டியிருக்கிறது.

அதனால் நானும் வேறு இரண்டு இதழ்களில் கதை பார்க்கும் தோழியரும் ஒரு வேலையைத் தொடங்கியிருக்கிறோம். எதைத் தேடிப் போனாலும், அன்று பார்த்த இதழ்களில் உள்ள எல்லாக் கதைகளையும் குறித்துக்கொண்டு வருகிறோம். தலைப்பு, எழுதியவர், புனைபெயர் என்றால் அதுவும், இதழ், தேதி, பக்கம், ஓவியர். ‘தொடர்ச்சி’ இருந்தால் அந்தப் பக்க எண்ணும். ஒருவர் ஐம்பதுகளை எடுத்திருக்கிறார், ஒருவர் அறுபதுகளை, நான் எழுபதுகளை. எண்பதுகளுக்கும் அதற்குப் பிந்தியவற்றுக்கும் ஆள் வேண்டும். கதை பார்க்கிற வேலையில் இருப்பவர்கள் யாராவது ஓர் இதழின் ஓர் ஆண்டை மட்டும் எடுத்துக்கொண்டாலும் போதும், பட்டியலின் வடிவத்தை நான் அனுப்பித் தருகிறேன்.